கழன்றோடிய முன்சக்கரம் என்னிடம் இருந்தது பற்றி

பெயர் சங்கையா, வயது 57, தகப்பனார் பெயர் வெள்ளைச்சாமி, தொழில் விவசாயம், முகவரி கிழக்குத் தெரு, வேலாங்குறிச்சி, நரிக்குடி வழி, திருச்சுழி வட்டம்.

நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து வருகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன், தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். எனக்கு மானாவாரி நிலம் உண்டு. அதில் குதிரைவாலியும், மழை கிடைத்த வருடத்தில் கொத்தமல்லியும் போடுவேன். மனைவி பெயர் குருவம்மாள். ஒரே மகன் மாரீஸ்வரன், பந்தல்குடியில் லாரிகளுக்கு லோடு ஏற்றும் வேலை பார்க்கிறான். இதற்கு முன் என் மேல் எந்த வழக்கும் கிடையாது. ஒரு காரின் முன்சக்கரத்தை நான் திருடி ஒளித்து வைத்திருப்பதாக, அருப்புக்கோட்டையில் உள்ள ஒரு தனியார் கார் சர்வீஸ் நிறுவனத்தின் மேனேஜர் அரவிந்த்குமார் என்பவர் புகார் கொடுத்திருப்பதாகச் சொல்லி என்னை விசாரிக்க அழைத்தீர்கள். நான் சக்கரத்தையும் கொண்டுவந்திருக்கிறேன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

சென்ற தை மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை, அறுத்துக் கட்டி வைத்திருந்த குதிரைவாலிக் கதிரை நானும் என் மனைவியும் திருச்சுழி நரிக்குடி சாலையில், எங்கள் ஊர் விலக்குக்குக் கொஞ்சம் மேற்கே, சாலையின் இடது ஓரத்தில் பரப்பினோம். எங்கள் ஊரில் உலர்களம் கிடையாது. சுற்று வட்டாரத்தில் எல்லோரும் சாலையில்தான் பரப்புகிறார்கள், போகிற வண்டி ஏறினால் மணி உதிர்ந்துவிடும் என்பதும் உண்மைதான், அதை நான் மறைக்கவில்லை. பரப்பிய இடத்துக்கு முன்னாலும் பின்னாலும் கல் வைத்து, கல்லின் மேல் கருவேல முள்ளை ஒடித்துப் போட்டிருந்தோம். எதிரும் புதிருமாக வண்டிகள் போக மீதிச் சாலை இருந்தது. காலையிலிருந்து இரண்டு மூன்று பேருந்துகளும் செங்கல் லாரிகளும் அந்த வழியாகத் தடங்கல் இல்லாமல் போயின.

வெயில் ஏறிய பிறகு என் மனைவி காலால் கதிரைக் கிளறி விட்டுக்கொண்டிருந்தாள். நான் உதிர்ந்த மணியை அள்ளுவதற்குச் சாக்கு எடுத்து வரலாம் என்று சாலையை விட்டு இறங்கி, வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த சைக்கிளுக்குப் போனேன். அப்போது என் மனைவி என்னைப் பார்த்து, "இந்தா, கிழிஞ்ச சாக்க எடுத்துட்டு வந்துராதீக, போன வருசம் மாதிரி வழியெல்லாம் சிந்திக்கிட்டுப் போகணும்" என்று சொன்னாள். நான் சாக்கை விரித்து, கிழிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மேற்கே, பாலத்துப் பக்கமிருந்து, இரும்பைத் தரையில் போட்டு இழுப்பது போல ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். ஒரு வெள்ளைக் கார் இடது பக்கம் சாய்ந்து, சாலையைக் கீறிக்கொண்டு தீப்பொறியோடு வந்துகொண்டிருந்தது. அதற்கு வெகு முன்னால், ஒரு சக்கரம் மட்டும் தனியாக, யாரோ உருட்டிவிட்டது போல நேராக ஓடி வந்தது. கார் வேகம் குறைந்தது, சக்கரம் குறையவில்லை. நான் என் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் என் பக்கம் திரும்பினாள், சக்கரம் வந்த பக்கம் திரும்பவில்லை. முன்னால் வைத்திருந்த கல்லில் ஏறிய சக்கரம் துள்ளி எழுந்து அவள் முதுகிலும் பின்தலையிலும் அடித்தது. அடித்த பிறகும் அது நிற்காமல் சாலையைத் தாண்டி, வலது பக்கம் கருவேலங்காட்டுக்குள் இறங்கி மறைந்தது. அதன் பிறகுதான் கார் ஒரு சுற்றுச் சுற்றி, குதிரைவாலி பரப்பிய இடத்துக்கு முன்பாகவே, முள்ளுக்குப் பக்கத்தில் நின்றது.

காரை ஓட்டி வந்தவர் தேவிபிரியா என்ற பெண். அருப்புக்கோட்டையில் நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர், நரிக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. அவருக்கும் நெற்றியில் அடிபட்டு ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் இறங்கி ஓடி வந்து, தன் துப்பட்டாவை எடுத்து என் மனைவியின் தலையில் வைத்து அழுத்திப் பிடித்தார். ஒரு கையால் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். அடுத்து வேறு ஒருவருக்குப் போன் செய்து, சத்தம் போட்டுப் பேசினார். நான் என் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்ததால் அவர் பேசியது முழுவதும் என் காதில் விழுந்தது.

"நேத்துத்தானே சார் வண்டிய சர்வீஸ்ல இருந்து எடுத்தேன்? காலையில கிளம்புனதுமே முன்னாடி கடகடன்னு சத்தம் வருதுன்னு உங்களுக்குப் போன் பண்ணேன்ல? டயர் மாத்திப் போட்டா அப்படித்தான் இருக்கும், ஓட்ட ஓட்டச் சரியாயிரும்னு சொன்னீங்கள்ல? சக்கரம் கழண்டு ஒரு அம்மா மேல அடிச்சிருச்சு சார், எங்கையில ரத்தம் நிக்க மாட்டேங்குது" என்று சொன்னார். மறுபக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அதற்கு அவர், "எந்தக் கல்லுலயும் நான் ஏத்தல சார், ரோட்டுல நேராத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். என்னைப் பார்த்து, "அய்யா, நான் மெதுவாத்தான் வந்தேன். சத்தம் கூடுனதும் ஓரங்கட்டத்தான் வந்தேன்" என்று அழுதார்.

அதன் பிறகு ஆம்புலன்ஸ் வந்து என் மனைவியை ஏற்றினார்கள். நானும் ஏறிக்கொண்டேன். அருப்புக்கோட்டை போய்ச் சேருமுன்பே அவள் இறந்துவிட்டாள். என் மகன் பந்தல்குடியிலிருந்து லோடு வேலைச் சட்டையோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தான். உடலை மறுநாள்தான் தருவோம் என்று சொன்னார்கள். மகனை அங்கே இருக்கச் சொல்லிவிட்டு, ஊரில் சொந்தபந்தத்துக்குச் சொல்லி ஆக வேண்டியதைப் பார்க்கலாம் என்று நான் பேருந்து ஏறி வந்தேன்.

பேருந்து எங்கள் விலக்கில் நின்றபோது பொழுது சாய்ந்திருந்தது, வெளிச்சம் இருந்தது. இறங்கிப் பார்த்தால், கார் நின்ற இடத்தில் வண்டிகளைத் தூக்கிப்போகும் லாரி ஒன்று நின்றது. கம்பெனிச் சட்டை போட்ட ஒருவர் காருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நீளமான ஸ்பேனரை வைத்து, கழலாமல் இருந்த மற்றச் சக்கரங்களின் நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் கருவேலங்காட்டுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். மடிப்புக் கலையாத சட்டையில் ஒருவர் சாலையில் நின்றார். அவர்தான் மேனேஜர் அரவிந்த்குமார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. அவர் என்னைக் கூப்பிட்டு, "பெரியவரே, நீங்க இந்த ஊரா? இந்த வண்டிச் சக்கரம் ஒண்ணு கழண்டு உருண்டு போயிருக்கு, எங்க கிடக்குன்னு பாத்தீகளா?" என்று கேட்டார். நான் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

அவர், "ஒரு கிழவி ரோட்டுல தானியத்தப் பரப்பி வச்சிருக்கு. வண்டி அதுல ஏறி வழுக்கி, கல்லுல இடிச்சுச் சக்கரம் பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. இந்த ஊர்க்காரங்களுக்குச் சொன்னாலும் கேக்க மாட்டாங்க, போலீஸ்தான் நாலு பேர உள்ள தூக்கிப் போடணும்" என்று சொன்னார்.

என் மனைவிக்கு வயது ஐம்பத்திரண்டு.

நான் அவரிடம், சக்கரம் எங்கே கிடக்கிறதென்று எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அது பொய். அது எந்தப் பக்கம் இறங்கியது என்பதை நான் பார்த்திருந்தேன், அந்தக் காட்டுக்குள் ஓடை எங்கே பள்ளமாகிறது என்பதும் எனக்குத் தெரியும். கம்பெனி ஆள் மேட்டிலேயே தேடிக்கொண்டிருந்தார். காரையே தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒற்றைச் சக்கரத்தின் மேல் ஏன் இவ்வளவு கவனம் என்று நான் யோசித்தேன். ஓடாமல் நிற்கிற காருக்கு மற்ற நட்டுகளை ஏன் இப்போது முறுக்குகிறார்கள் என்றும் யோசித்தேன். அதன் பிறகு சைக்கிளை எடுப்பது போல வேப்பமரத்தடிக்குப் போய், அங்கிருந்து காட்டைச் சுற்றி ஓடைக்குள் இறங்கினேன். சக்கரம் மணலில் சாய்ந்து கிடந்தது. அதன் விளிம்பில் என் மனைவியின் தலைமுடி கொஞ்சம் ஒட்டியிருந்தது. நான் அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் கூப்பிட்டுப் பேசிக்கொள்வதும், லாரி கிளம்புவதும் கேட்கும் வரை எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு சக்கரத்தை ஓடை வழியாகவே உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், ஆட்டுக் கொட்டகையில் தீவனத்துக்கு அடுக்கியிருந்த நாற்றுத் தட்டைக்கு அடியில் வைத்தேன். இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மறுநாள் உடலை வாங்கி வந்து அடக்கம் செய்தோம். சாலையில் பரப்பிய குதிரைவாலி அப்படியே கிடந்தது. அதன் மேல் வண்டிகள் ஏறி ஏறி மணி தனியாக, சக்கை தனியாகப் பிரிந்திருந்தது. பங்காளிகள் அள்ளி வரட்டுமா என்று கேட்டார்கள், நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டொரு நாளில் ஆடுகளும் மயில்களும் தின்றுவிட்டன.

அதன் பிறகு நானும் என் மகனும் சாலையில் மேற்கே நடந்து போய்ப் பார்த்தோம். கார் சாலையைக் கீறிய கோடு பாலத்துக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது. அங்கிருந்து எங்கள் தானியம் கிடந்த இடத்துக்கு, ஒருவர் கூப்பிட்டால் இன்னொருவருக்குக் கேட்காத தூரம். பாலத்துக்கும் மேற்கே டீக்கடை வைத்திருக்கும் தங்கமாரி என்பவர், கடைக்கு எதிரில் சாலையில் கிடந்தது என்று சொல்லி ஒரு சக்கர நட்டைக் கொடுத்தார். வியாழக்கிழமை காலை ஒரு வெள்ளைக் கார் கடகடவென்று சத்தத்தோடு போனதாகவும், அது போன பிறகு இதைப் பார்த்ததாகவும் சொன்னார். அவரையும் நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு மேனேஜர் அரவிந்த்குமார் எங்கள் வீட்டுக்கு வந்தார். டீச்சரின் கணவரையும் கூட்டி வந்திருந்தார். வாசலில் மாலை போட்டிருந்த என் மனைவியின் படத்தையும், அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்த பிறகுதான் அன்றைக்கு அவர் யாரிடம் பேசினார் என்பது அவருக்குத் தெரிந்தது. பிறகு, சக்கரம் இந்த ஊரில்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டதாகவும், அதைக் கொடுத்துவிட்டால் எங்கள் குடும்பத்துக்கு ஏதாவது பார்த்துச் செய்வதாகவும், தானியம் பரப்பியதைப் பற்றிக் கம்பெனி பேசாது என்றும் சொன்னார்.

"சக்கரம் எங்கிட்டத்தான் இருக்கு. வண்டி டீச்சருது. அவுக வந்து கேக்கட்டும், குடுக்குறேன். உங்களுக்கு அது எதுக்கு?" என்று கேட்டேன்.

அவர், "எங்க பொறுப்புல இருக்குற வண்டி பெரியவரே. நாங்க கேஸு குடுத்தா உங்களுக்குத்தான் அசிங்கம்" என்று சொன்னார். டீச்சரின் கணவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர்கள் போகும்போது, டீச்சர் தானியத்தில் கார் வழுக்கியது என்று எழுதிக் கொடுத்துவிட்டதாக மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகு எனக்கும் என் மகனுக்கும் வாக்குவாதம் ஆனது. அவன், "அம்மாவே போயிட்டா, நீ சக்கரத்தக் கட்டிக்கிட்டு என்னப்பா செய்யப்போற? குடுத்துத் தொலைச்சிரு. நாளைக்கி உன்னத் திருடன்னு சொல்லுவாய்ங்க" என்றான். நான், "உங்க அம்மா தானியத்தக் காயப்போட்டதுனால செத்தான்னு எழுதப் போறாய்ங்கடா. அதுக்கு நாந்தேன் சாட்சின்னு கையெழுத்துப் போடவா?" என்று கேட்டேன். அவன் சாப்பிடாமல் எழுந்து பந்தல்குடிக்குப் போய்விட்டான். அதன் பிறகு என்னிடம் அவன் அதிகம் பேசுவதில்லை. இன்று காலை மட்டும் போன் செய்து, ஸ்டேஷனுக்கு எந்தப் பஸ்ஸில் போகிறாய் என்று கேட்டான்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் டீச்சர் தேவிபிரியா தனியாகப் பேருந்தில் எங்கள் ஊருக்கு வந்தார். நெற்றியில் தையல் போட்ட தழும்பு இருந்தது. உள்ளே வாருங்கள் என்று சொன்னேன், அவர் வாசல் வெயிலிலேயே நின்றார். "அய்யா, நான் மாத்தி எழுதிக் குடுத்துட்டேங்க. நட்டு லூசுன்னு சொன்னா, சத்தம் கேட்டும் ஏன் ஓட்டுனேன்னு கேஸு எம்மேலதான் வரும், வேலை போயிரும்னு சொன்னாக. வீட்டுலயும் எல்லாரும் அதத்தான் சொன்னாக" என்றார். பிறகு, "நான் அந்த அம்மாவோட தலையப் பிடிச்சிருந்தேங்க. எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது" என்றார்.

எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நான், "எங்கிட்டச் சொல்லி என்னம்மா ஆகப்போகுது? எங்க மாத்திச் சொன்னீகளோ அங்க போயிச் சொல்லுங்க. தூக்கம் வரும்" என்று மட்டும் சொன்னேன். சக்கரத்தைக் கேட்கிறீர்களா, கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் பயந்தவர் போல, வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த பேருந்தில் போய்விட்டார். அவர் மாற்றிச் சொல்ல வந்தாரா, வரவில்லையா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அதன் பிறகு என்னை விசாரிக்க அழைத்ததால் இன்று சக்கரத்தையும் தங்கமாரி கொடுத்த நட்டையும் சாக்கில் கட்டி, அரசுப் பேருந்தில் லக்கேஜ் டிக்கெட் போட்டுக் கொண்டுவந்தேன். கம்பெனியிலிருந்து நீங்கள் கைப்பற்றி வந்து நிலையத்தின் முன் நிறுத்தி வைத்திருக்கும் காரைப் பார்வையிட மோட்டார் வாகன ஆய்வாளர் வந்திருந்தார். மேனேஜரும் வந்திருந்தார். ஆய்வாளர் என் முன்னிலையில் சாக்கைப் பிரித்துச் சக்கரத்தைப் பார்த்தார். நட்டு மாட்டும் ஓட்டைகள் வட்டமாக இல்லாமல் நீண்டு போயிருப்பதை எல்லோருக்கும் காட்டினார். காரில் அந்தச் சக்கரம் இருந்த இடத்தில் நட்டு முறுக்கும் நான்கு ஆணிகளில் இரண்டு முறிந்திருந்தன, இரண்டு முழுசாக மரை கெடாமல் இருந்தன. அவர், "இடிச்சுப் பிச்சிருந்தா நாலும்ல ஒடிஞ்சிருக்கணும்? இந்த ரெண்டுல நட்டு தானாச் சுத்திக் கழண்டிருக்கு. கையால மாட்டிட்டு ஸ்பேனர் போடாம விட்டுருக்காங்க" என்று சொன்னார். மற்ற மூன்று சக்கரங்களையும் சோதித்துவிட்டு, அவை அளவுக்கு மேல் இறுக்கமாக இருப்பதாகச் சொன்னார். அவை எப்போது முறுக்கப்பட்டன என்பதை நான் அவரிடம் சொன்னேன்.

அதற்கு மேனேஜர், "சார், சக்கரம் இத்தனை நாளா இவருகிட்ட இருந்திருக்கு. சுத்தியல வச்சு என்ன பண்ணினாரோ யாரு கண்டா? இந்த நட்டு எந்தக் கடையிலயும் கிடைக்கும்" என்று சொன்னார். ஆய்வாளர், தான் பார்த்ததை எழுதுவதாகவும், ஆனால் சக்கரம் வெளியாள் கையில் இருந்ததைக் கோர்ட்டில் கேட்பார்கள் என்றும் என்னிடம் சொன்னார். அதாவது நான் எடுத்து வைக்காவிட்டால் சக்கரமே இருந்திருக்காது, எடுத்து வைத்ததால் அதை நம்ப மாட்டார்கள் என்று நான் புரிந்துகொண்டேன். நான் அந்தச் சக்கரத்தைக் கழுவவில்லை, தட்டவில்லை, அதில் ஒட்டியிருந்ததைக்கூடத் துடைக்கவில்லை. அதையும் ஆய்வாளருக்குக் காட்டினேன். மேனேஜர் அந்த இடத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

சாலையில் தானியம் பரப்பியது குற்றம் என்றால் அதை நானும் என் மனைவியும் சேர்ந்து செய்தோம். என் பங்குக்கு என்ன தண்டனையோ அதை எனக்குக் கொடுங்கள். கார் எங்கள் தானியத்தின் மேல் ஏறவே இல்லை என்பதையும் கூடவே எழுதிக்கொள்ளுங்கள். சக்கரத்தைத் திருப்பித் தருவதற்கு நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இப்போதும் அதைக் கம்பெனிக்குக் கொடுக்க எனக்குச் சம்மதம் இல்லை, உங்களிடம்தான் ஒப்படைக்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை அய்யா எனக்குப் படித்துக் காட்டினார்கள், நானும் வாங்கிப் பார்த்தேன். என் நல்லதுக்காக, சக்கரத்தை "விவரம் தெரியாமல் எடுத்துச் சென்றேன்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தது. அப்படி இருந்தால் வழக்கு லேசாகிவிடும் என்று சொன்னார்கள். விவரம் தெரியாமல் என்ற அந்த இரண்டு சொற்களை அடிக்கச் சொன்னேன். தெரிந்துதான் எடுத்தேன். அடித்த இடத்தில் தனியாக ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்றபடி இதில் உள்ளதெல்லாம் நான் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும்தான், கூட்டிச் சொன்னது இல்லை.

(ஒப்பம்)
வெ. சங்கையா